விக்ராந்துக்கு ஒரு கற்பனை ஹாக்: கிட்டை மாற்றிக் கடற்படை விமானம் செய்ய ஒரு வழிகாட்டி

இந்தியக் கடற்படையிடம் ஹாக் என்னும் பயிற்சி ஜெட் விமானங்கள் நிஜமாகவே இருக்கின்றன. பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை தயாரித்த ஹாக் மார்க் 132 ரகத்தில் 17 விமானங்களைக் கடற்படை கேட்டு வாங்கியது. 2013-ல் விசாகப்பட்டினத்தில் அவை படையில் சேரத் தொடங்கின. ஆனால் அவையெல்லாம் தரையில் ஓடி எழும்பி, தரையிலேயே இறங்குபவை. விக்ராந்த் போன்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கும் ஹாக் நம்மிடம் கிடையாது. இல்லாத அந்த விமானத்தைத்தான் இங்கே செய்யப் போகிறோம். 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) கிடைக்கும் சாதாரண ஹாக் கிட் ஒன்றை, அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்றை எடுத்து, அங்கங்கே வெட்டி ஒட்டி, விமானிகளுக்குக் கப்பலில் இறங்கப் பழக்கும் பயிற்சி விமானமாக மாற்றுவோம்.

இது முதல் அல்லது இரண்டாவது கிட்டாக இருப்பவர்களுக்கு எழுதுவது. மதுரையிலோ மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமோ இருந்துகொண்டு, மாடல் சாமான் கடை பக்கத்தில் இல்லாமல், எதை எங்கே வாங்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"இல்லாத விமானம்தானே, எப்படிச் செய்தால் என்ன?" என்று தோன்றும். எனக்கு நேர் எதிரான எண்ணம் உண்டு. நிஜ விமானத்தில் சந்தேகம் வந்தால் புகைப்படம் பதில் சொல்லிவிடும். கற்பனை விமானத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "இது எதுக்கு இங்கே இருக்கு?" என்று பார்ப்பவர் கேட்டால் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் விமானம் தராது, கப்பல்தான் தரும்.

முதலில் கப்பலை முடிவு செய்யுங்கள்

கத்தியை எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. நம் கடற்படையின் விமானந்தாங்கிகள் ஒரே மாதிரியானவை அல்ல.

1961-ல் படையில் சேர்ந்த பழைய விக்ராந்தில் நீராவி கேட்டபுல்ட் இருந்தது. விமானத்தை இழுத்து வானத்தில் எறியும் பொறி அது. இறங்கும்போது பிடிக்கத் தளத்தின் குறுக்கே கம்பி வடங்களும் இருந்தன. சீ ஹாக் (பெயர்தான் ஒற்றுமை, நம் ஹாக் வேறு), அலிஸே விமானங்கள் அப்படித்தான் அதில் ஓடின. பிற்காலத்தில் அதன் முன்பக்கத்தில் ஸ்கி ஜம்ப் என்னும் மேல்நோக்கி வளைந்த சரிவைக் கட்டி, சீ ஹாரியர் கப்பலாக மாற்றினார்கள். 1997-ல் அது ஓய்வு பெற்றது. 1987-ல் வந்த விராட் வேறு வகை. சரிவில் ஓடி எழும்பி, நின்ற நிலையில் செங்குத்தாக இறங்கும் சீ ஹாரியர்தான் அதன் ஜெட். பிடித்து நிறுத்தும் கம்பி வடம் அதில் இல்லை. ஆகவே விராட்டை மனதில் வைத்துக்கொண்டு, கம்பி வடத்தைப் பிடிக்கும் கொக்கியை ஹாக்கின் வயிற்றடியில் போட்டால் அந்தக் கொக்கிக்கு வேலையே இல்லை. 2013-ல் வந்த விக்ரமாதித்யாவும் 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் படையில் சேர்ந்த புதிய விக்ராந்தும் மூன்றாவது வகை. எழும்ப ஸ்கி ஜம்ப், இறங்கக் கம்பி வடம். கேட்டபுல்ட் கிடையாது.

நம் விமானம் புதிய விக்ராந்துக்கு. எனவே கொக்கி கட்டாயம் வேண்டும், கேட்டபுல்ட் சாமான் எதுவும் வேண்டாம். இந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கு நிஜ உலகில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் டி-45 கோஷாக், இதே பிரிட்டிஷ் ஹாக்கிலிருந்து பிறந்ததுதான். 1988-ல் முதன்முதலாகப் பறந்தது. இந்தியக் கடற்படை விமானிகள் சிலரும் அமெரிக்கா போய் அதில் பழகியவர்கள். டி-45 படங்களைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் அதன் மூக்குச் சக்கரத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கேட்டபுல்ட்டில் மாட்டுவதற்கானது. நம் கப்பலில் அதற்கு இடமில்லை, விட்டுவிடுங்கள்.

மற்றபடி டி-45 நல்ல வாத்தியார். ஹாக்கைக் கப்பலுக்கு ஏற்றதாக மாற்ற அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். சக்கரக் கால்களைக் கனமாக்கினார்கள். மூக்கில் ஒற்றைச் சக்கரத்துக்குப் பதில் இரட்டைச் சக்கரம் வைத்தார்கள். காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் பலகையான ஏர் பிரேக்கை வயிற்றுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டு, பின்னுடலின் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்று வைத்தார்கள். வயிற்றடியில் இரண்டாக இருந்த சின்னத் துடுப்புகளுக்குப் பதிலாக நடுவில் ஒன்று வந்தது. மெதுவாகப் பறந்து இறங்க வசதியாக இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்ற நகரும் பட்டை சேர்ந்தது. இறக்கையை மட்டும் மடிக்கவில்லை. ஹாக் இறக்கையின் நீளம் 9.39 மீட்டர்தான், மடிக்காமலேயே சமாளித்தார்கள். கடற்படை தேர்ந்தெடுத்த ரஃபேல் எம் கூட இறக்கை மடியாத விமானம்தான், அதன் இறக்கை நீளம் இதைவிடக் கூடுதல். ஆகவே இறக்கை மடிப்பை வெட்டிச் செய்யும் தலைவலி நமக்கு வேண்டாம்.

நம்மூர் உதாரணமும் உண்டு. தேஜஸ் விமானத்தின் கடற்படை வடிவம் 2012 ஏப்ரலில் முதலில் பறந்து, 2020 ஜனவரி 11-ல் விக்ரமாதித்யாவில் கம்பி வடம் பிடித்து இறங்கியது. அதற்கு மூக்கைச் சற்றே கீழே சாய்த்தார்கள், விமானிக்குத் தளம் தெரிய வேண்டும் என்பதற்காக. ஹாக்கில் இந்த வேலையும் மிச்சம். பின்னால் உட்காரும் ஆசிரியருக்கும் முன்னால் தெரியும்படி அதன் இருக்கைகள் ஏற்கெனவே படிபோல உயர்ந்தவை.

சாமான் எங்கே வாங்குவது

கிட்டை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். 1/72 ஹாக்கில் ஏர்ஃபிக்ஸ் கிட்தான் எளிதாகக் கிடைக்கும், பெரும்பாலும் சிவப்பு வண்ண சாகசக் குழுப் பெட்டியாக. (ஒரு காலத்தில் ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் பல இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. பழைய பெட்டியில் 'மேட் இன் இந்தியா' என்று பார்த்தால் போலி என்று பயந்துவிடாதீர்கள்.) பெட்டியில் டி.1 என்று இருந்தாலும் சரி, வேறு மார்க் எண் இருந்தாலும் சரி. மூக்கின் வடிவத்திலும் வேறு சில இடங்களிலும் வித்தியாசம் உண்டு, கற்பனை விமானத்துக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டி-45 கிட்டே 1/72-ல் வருகிறது, ஆனால் அதை வாங்கினால் மாற்றி அமைக்கும் வேலையில் பாதி போய்விடும். கற்றுக்கொள்ள ஹாக்தான் நல்லது.

கிட்டோடு சேர்த்து ஆன்லைனில் இன்னும் மூன்று வாங்குங்கள்: தமியா எக்ஸ்ட்ரா தின் பிளாஸ்டிக் சிமெண்ட், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளை பிளாஸ்டிக் ஷீட், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படங்களை அச்சடிக்க லேசர் பிரிண்டருக்கான டெக்கால் தாள் (வெள்ளை ஒன்று, நிறமில்லாதது ஒன்று). மீதி எல்லாம் மதுரையிலேயே கிடைக்கும்.

கருவிகளுக்கு நான் யாரையும் முதலில் அனுப்பும் இடம் தெற்காவணி மூல வீதிப் பக்கம். நகைக் கடைகளுக்கு நடுவே, ஆசாரிமாருக்குக் கருவி விற்கும் சின்னக் கடைகள் உண்டு. "அண்ணே, ஊசி அரம் செட்டு ஒண்ணு, மெல்லிசு சாமணம் ஒண்ணு, கையால சுத்துற குட்டி டிரில் ஒண்ணு குடுங்க" என்றால் போதும். பொன்னில் வேலை செய்யும் ஆட்களுக்கான கருவி என்பதால் பிளாஸ்டிக்கில் அவை வெகு சுத்தமாக வேலை செய்யும். மாடலுக்கென்று ஆன்லைனில் விற்கும் செட்டுகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

கத்திக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் உள்ள சர்ஜிகல் கடைகள். 3-ம் எண் கைப்பிடி ஒன்று, 11-ம் எண் பிளேடு சில. ஸ்டேஷனரிக் கடைக் கட்டரைவிட இது மெல்லிய முனை, நினைத்த இடத்தில் நிற்கும். கூர்மை அதிகம் என்பதால் வெட்டும் திசையில் விரல் இருக்கவே கூடாது. அங்கேயே ஊசியோடு ஒரு சிரிஞ்சும் வாங்குங்கள், மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்க்கு ஊசி உதவும்.

வண்டிகளுக்குப் பெயின்ட் விற்கும் கடையில் 400, 800, 1500 எண் வாட்டர் பேப்பர், ஒரு ட்யூப் பட்டி, அடிப்பூச்சுக்குச் சாம்பல் நிற பிரைமர் ஸ்பிரே. ஏ.சி. உதிரிபாகக் கடையில் அலுமினிய ஃபாயில் டேப். தூண்டில் சாமான் விற்கும் கடையில் சின்ன ஈயக் குண்டுகள். எம்-சீலும் ஃபெவிக்விக்கும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

பிளாஸ்டிக் ஷீட் தீர்ந்துபோனால் பழைய சி.டி. பெட்டியை உடைத்துப் பயன்படுத்தலாம். கிட் செய்யப்படும் அதே பாலிஸ்டைரீன்தான் அது. தூக்கியெறியும் கப், ஸ்பூன்களின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் பாலிஸ்டைரீன், பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்கும். ஏ.டி.எம். கார்டு வேறு பிளாஸ்டிக். அதற்கு ஃபெவிக்விக்தான்.

கழுவுதல், பொருத்திப் பார்த்தல், எடை

பாகங்களை அவை ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து லேசான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். வார்ப்பிலிருந்து கழற்றப் பயன்படும் எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். மதுரை வெயில்தானே என்று மொட்டை மாடியில் காயப் போட வேண்டாம். மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். வளைந்தால் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினால் நேராகும்.

விமானிகள் உட்காரும் இடத்தை வழிமுறைத் தாளில் சொன்னபடியே செய்துவிடலாம். 1/72-ல் கண்ணாடிக்கு அடியில் கொஞ்சம்தான் தெரியும், கறுப்பு, சாம்பல், இருக்கைப் பட்டைக்கு ஒரு வெளிர் நிறம் போதும்.

உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் எடையைப் பற்றி யோசித்துவிடுங்கள். வால் பக்கத்தில் நாம் கொக்கி, துடுப்பு என்று நிறையச் சேர்க்கப் போகிறோம். மூக்கில் எடை போதவில்லையென்றால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். பாதிகளை டேப் போட்டுச் சேர்த்து, இறக்கையையும் டேப்பால் ஒட்டி, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். மூக்கு சாயும் வரை ஈயக் குண்டு சேர்த்து, அதற்கு மேல் இரண்டு குண்டு கூடப் போடுங்கள். அவற்றை எம்-சீலில் புதைத்து வையுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஈயத்தை ஒட்டக் கூடாது. நாளடைவில் ஈயம் அரித்து, பூத்து, பருத்து உடலையே பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அப்புறம் பாதிகளை ஒட்டுங்கள். எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் பசை போல ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று இணைக்கிறது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் தூரிகை முனையால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். சித்திரை, வைகாசி மாதப் பகலில் அது ஓடுவதற்குள் ஆவியாகிவிடும், எனவே காலையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றையும் மேஜைப் பக்கம் வராமல் திருப்பிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாசனை மூச்சுக்கு நல்லதல்ல.

வயிற்றடி: கொக்கிதான் மையம்

கொக்கியைக் கடைசியில் சேர்க்கும் அலங்காரமாக நினைத்தால் மாடலும் அப்படித்தான் தெரியும். அதற்காகவே வயிற்றடி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் வயிற்றடி ஏர் பிரேக். அதை மூடிய நிலையில் ஒட்டி, சுற்றியுள்ள கோட்டைப் பட்டியால் நிரப்பிவிடுங்கள். இரண்டு வாலடித் துடுப்புகளையும் ஒட்டவே வேண்டாம். அவற்றுக்கான பள்ளம் இருந்தால் ஸ்ப்ரூ துண்டை நறுக்கி அடைத்து, சிமெண்ட் விட்டு, காய்ந்ததும் அரத்தால் சமப்படுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு சாய்சதுரத் துடுப்பு வெட்டி, வயிற்றின் நடுக்கோட்டில், கொக்கி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

கொக்கியின் நீளம் என்ன? இதற்கு எந்தத் தாளும் தேவையில்லை, மேஜையே சொல்லிவிடும். இறங்கும்போது விமானம் மூக்கைத் தூக்கியபடி வரும். சக்கரக் கால்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, மாடலின் பின் சக்கரங்களை மேஜையில் ஊன்றி, மூக்கை மெல்லத் தூக்குங்கள். அந்த நிலையில் வயிற்றின் கீல் இடத்திலிருந்து சாய்வாக இறங்கும் கொக்கி முனை, சக்கர மட்டத்துக்கும் கீழே போக வேண்டும். போகாத கொக்கி கம்பி வடத்தைப் பிடிக்காது. ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்த்து அந்த நீளத்துக்கு வெட்டினால் அதுதான் அளவு. 1/72-ல் ஒரு மீட்டர் என்பது ஏறக்குறைய 14 மி.மீ. உங்கள் அளவு 25 மி.மீ. பக்கம் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். மடக்கிய நிலையில் அதே கொக்கி வாலைத் தாண்டி அசிங்கமாக நீட்டாமலும் இருக்க வேண்டும். நீட்டினால் கீலை முன்னால் தள்ளுங்கள்.

கொக்கியின் தண்டுக்கு நிமிர்த்திய ஜெம் கிளிப் போதும். நுனியில் எம்-சீலைக் கடுகளவு வைத்து, காய்ந்ததும் ஊசி அரத்தால் நகம் போல ராவுங்கள். கீலுக்கு வயிற்றில் குட்டி டிரில்லால் ஒரு துளை, அதைச் சுற்றி ஷீட்டில் வெட்டிய இரண்டு முக்கோணக் காதுகள். தண்டை இப்போதே ஒட்டிவிட வேண்டாம், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகுதான். வெள்ளை அடித்து, மெல்லிய டேப் சுற்றிக் கறுப்பு அடித்தால் பட்டை பட்டையாக வரும். கப்பல் விமானக் கொக்கிகளில் வழக்கமான அடையாளம் அது, தூரத்திலிருந்தே "ஓ, இது கப்பல் விமானம்" என்று சொல்லிவிடும்.

பின்னுடலின் இரண்டு பக்கங்களிலும் புதிய ஏர் பிரேக்குகள் வேண்டும். வெட்ட வேண்டியதில்லை, கோடு கீறினால் போதும். 14 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம் என்று நான் வைத்துக்கொள்வேன், நிஜத்தில் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் பலகை. இன்சுலேஷன் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டினால் விளிம்பு நல்ல தடுப்பாக நிற்கும். அதன் ஓரமாகக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் அழுத்தாமல் பல தடவை இழுங்கள். கூர்ப்பக்கத்தால் இழுத்தால் கோடு விழாது, இரண்டு பக்கமும் பிதுங்கிய வெட்டுத்தான் விழும். இதே முறையில் இறக்கையின் முன்விளிம்புக்கு இணையாக நீளக் கோடு ஒன்று இழுத்தால் ஸ்லாட் வந்துவிட்டது. செலவில்லாத வேலை, விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

கால்கள்

தரையில் இறங்கும் விமானம் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெத்தென்று உட்காரும். கப்பலில் அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. விமானம் கிட்டத்தட்டத் தளத்தில் விழுகிறது. அதனால்தான் கால்கள் பருமனாக இருக்க வேண்டும்.

கிட்டின் பின் கால்கள் இரண்டிலும் மேல்பகுதியில் ஃபாயில் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். மேலே பருமன், கீழே மெலிந்த தண்டு என்று பிரிந்து தெரியும். கீழ்த் தண்டில் ஒரே சுற்று, பெயின்ட் அடிக்காமல் விட்டால் பளபளக்கும் உலோகமாகவே இருக்கும். காலின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டலாம், அதற்கு மேல் கூட்டினால் கொக்குக் கால் ஆகிவிடும். உயரத்தைக் கூட்டினால் கொக்கி நீளத்தை மறுபடி சரிபாருங்கள்.

மூக்குக்கு இரட்டைச் சக்கரம். கிட்டில் ஒன்றுதான் இருக்கும். ஆபீசில் தாள் துளைக்கும் பஞ்சிங் மெஷினில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைக் கொடுத்தால் சுத்தமான வட்டங்கள் விழும். கிட்டின் சக்கரத்தோடு வைத்துப் பாருங்கள். அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சக்கரத்துக்கு மூன்று வட்டம் வீதம் ஒட்டி, ஓரத்தை வாட்டர் பேப்பரில் உருட்டி மழுக்குங்கள். நடுவில் ஒரு துளை, குறுக்கே ஜெம் கிளிப் கம்பி அச்சு. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம், ஆகவே கிட்டின் சக்கரம் ஒன்று, நீங்கள் செய்தது ஒன்று என்று கலக்க வேண்டாம். முன்னால் நீட்டும் கேட்டபுல்ட் கம்பி வேண்டாம் என்று மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் இல்லையா?

பட்டி பார்த்தல்

ஒர்க்ஷாப்பில் பட்டி பார்ப்பவர்களைக் கவனித்திருந்தால் பாதி தெரிந்த மாதிரிதான். மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீரில் நனைத்த 400-ல் தேய்த்து, 800-க்குப் போங்கள். தடிமனாக ஒரே தடவையில் பூசினால் உள்ளே ஈரம் நின்று பிறகு அமுங்கும். ட்யூப் பட்டியில் இருக்கும் கரைப்பான் மெல்லிய பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதால் ஷீட் துடுப்பின் அடியில் அதை அப்ப வேண்டாம். அங்கே ஸ்ப்ரூ துண்டுகளைக் கொஞ்சம் சிமெண்ட்டில் ஊறவைத்துக் குழம்பாக்கித் தடவலாம், அதே பிளாஸ்டிக் என்பதால் தடமே தெரியாது.

ஃபெவிக்விக்கைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவியில் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிகால்தான் சரி, காய்ந்ததும் தெரியாது.

நிறம்

டி-45 போல வெள்ளையும் ஆரஞ்சும் அடிக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் தூரிகையால் வெள்ளை அடிப்பது புதியவருக்குப் பெரிய சோதனை. எத்தனை பூச்சு அடித்தாலும் அடியில் இருப்பது தெரியும். நான் சொல்வது முழுக்க நடுத்தர சாம்பல், இறக்கை நுனிகளிலும் வால் உச்சியிலும் மட்டும் ஆரஞ்சு. இன்றைய கடற்படை ஜெட்டுகளின் சாம்பல் நிறத்தோடு இது ஒத்துப்போகும், பயிற்சி விமானம் என்பதும் ஆரஞ்சில் தெரியும். புலி, சிறுத்தை வரைந்த சாகச நிறங்கள் கற்பனை விமானம் செய்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை. ஒரு நாளைக்குப் பல தடவை தளத்தைத் தொட்டு எழும்பும் பயிற்சி விமானத்துக்கு யார் புலி வரைவார்கள்?

பிரைமர் ஸ்பிரேயை முதலில் ஒரு பாலிஸ்டைரீன் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். வண்டிக்கான ஸ்பிரேக்களில் சில கரைப்பான் மிகுந்தவை, கிட்டத்தில் நனைய நனைய அடித்தால் பிளாஸ்டிக்கை அரித்து மேற்பரப்பு சொரசொரப்பாகும். ஓர் அடி தள்ளி நின்று தூசி விழுவது போல மெல்லிய பூச்சுகள் அடித்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் மேலே வெண்மையாகப் படரும், வெயில் அடிக்கும் நாள் வரை பொறுங்கள். கோடையில் எதிர்மாறு. அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்து கோடு கோடாக இழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்து, அகலத் தூரிகையால், ஒரே திசையில் அடியுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருக்கும், அதைத் திருத்தப் போகாதீர்கள். காய்ந்த பிறகு குறுக்குத் திசையில் இரண்டாவது பூச்சு, அப்புறம் மூன்றாவது. ஏர் பிரஷ் இந்த மாடலுக்குத் தேவையில்லை.

எழுத்தும் வட்டமும்

கற்பனை விமானத்துக்கு அடையாளத்தை நாமே அச்சடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வட்டம் வரையுங்கள், வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை. வரிசை எண் ஆங்கிலத்தில் ஐ.என். என்று தொடங்கும். அதன் பின் வரும் எண்ணை நிஜக் கடற்படை விமானம் எதற்கும் இல்லாததாகப் பார்த்து வைப்பது என் பழக்கம். படைப்பிரிவுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கடற்படையின் ஹாக்குகளை வைத்திருக்கும் ஐ.என்.ஏ.எஸ். 551-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

தளம் எது? ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு நம்மூர்ப் பக்கம் என்று ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அங்கே டார்னியர் கண்காணிப்பு விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஆளில்லா விமானங்கள் போன்றவைதான். கப்பலில் இறங்கப் பழக கோவா ஐ.என்.எஸ். ஹன்சாதான் பொருத்தம், தரையிலேயே ஸ்கி ஜம்ப்பும் கம்பி வடமும் அமைத்துப் பழகும் இடம் அங்கே உண்டு. கோவா போனால் அங்குள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிஜ சீ ஹாக், அலிஸே, சீ ஹாரியர் மூன்றின் வயிற்றடியையும் நிதானமாகப் பாருங்கள். எதில் கொக்கி இருக்கிறது, எதில் இல்லை என்று நேரிலேயே தெரிந்துவிடும்.

டெக்கால் தாளை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் கலர் லேசரில் அடியுங்கள். பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சடிக்காது, எனவே வட்டங்களுக்கு வெள்ளைப் பின்னணித் தாள், எழுத்துகளுக்கு நிறமில்லாத தாள். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளக்கும் கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) பூச்சு அவசியம். சொரசொரப்பான பெயின்ட்டின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். தண்ணீரில் ஊறியதும் தாளிலிருந்து வழுக்கி இறக்கி, பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றுங்கள். வளைவில் மடங்க மறுத்தால் தண்ணீர் கலந்த வினிகரை ஒரு சொட்டுத் தடவினால் இளகும். நன்றாகக் காய்ந்த பிறகு எல்லாவற்றின் மேலும் பளபளப்பில்லாத மேட் கிளியர்.

இனி கொக்கி, கால்கள், பிட்டாட் ஊசி, கடைசியாகக் காக்பிட் கண்ணாடி. ஆன்டெனாக் கம்பி வேண்டுமானால் ஸ்ப்ரூவை அகல் விளக்குச் சுடரில் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் மயிரிழை போல நீளும்.

நிறுத்தி வைக்க ஒரு தளத்துண்டு செய்யலாம். 400 எண் வாட்டர் பேப்பரை ஒரு பலகையில் ஒட்டினால் கறுஞ்சாம்பல் கப்பல் தளம் தயார். குறுக்கே ஒரு மெல்லிய கம்பியை இழுத்து ஒட்டி, கொக்கியை இறக்கிய நிலையில் அதன் முன்னால் நிறுத்தலாம். பலகை ஓரத்தில் 'கற்பனை விமானம்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் வருகிற சொந்தக்காரர் யாராவது படம் எடுத்து, நம் கடற்படையின் புது விமானம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிடுவார்.

வைப்பது கண்ணாடி அலமாரியில் என்றால் நல்லது. துணி பீரோவில் வைப்பதானால் முதலில் அந்துருண்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள். அதன் ஆவிக்கும் பாலிஸ்டைரீனுக்கும் ஆகாது. மூடிய இடத்தில் மாதக் கணக்கில் இருந்தால் பிளாஸ்டிக் இளகி, பிசுபிசுத்து, பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.